மூன்று மில்லி பீச் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இப்போது எனக்கு மாதம் ஒருமுறை கிடைக்கும் ஓய்வு. அம்மோனியா இல்லாத சாயம்தான் உடம்புக்கு நல்லது என்று என் கணவர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்காட்டுவார். நான் வேண்டுமென்றே அம்மோனியா உள்ளதைத்தான் வாங்குகிறேன். சாயம் நன்றாகப் பிடிக்கிறது என்பது வெளியில் சொல்லும் காரணம். உங்களிடம் உண்மையைச் சொன்னால் என்ன? பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் சுள்ளென்று ஏறும் அந்த நெடிக்காகத்தான். போன வாரம் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு பால்கனியில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த நெடி என்னை நேராகக் கொண்டுபோய் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில், ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்றில் நிறுத்திவிட்டது.

அது எங்கள் ஆபீசின் பிரிண்ட் ரூம். மெல்லிய தாளில் மையால் வரைந்த படத்தை இன்னொரு தாளின்மேல் வைத்து, விளக்கு வெளிச்சம் காட்டி, பிறகு அம்மோனியா ஆவியில் விட்டால் நீலக் கோடுகளாகப் படம் எழும்பி வரும். கூடவே நம் கண்ணில் தண்ணீரும் வரும். நான் சேர்ந்த புதிதில் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது கீழ்க் கடைக்காரர் பார்த்துவிட்டு, "முதல் நாளே அழ வச்சிட்டாங்களாம்மா?" என்று விசாரித்தார். ஆமாம் சார் என்று சொல்லிவைத்தேன். அனுதாபம் வந்தால் வேண்டாம் என்பானேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். முதலாளி சபாபதி சார், ஒரு பெரிய தொழிற்சாலையில் பல வருடம் பலகையில் வரைந்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். ஸ்கூட்டர் பாகங்கள் செய்யும் கம்பெனிகளுக்கு ஃபிக்ஸ்சர் டிசைன் செய்து கொடுப்போம். ஃபிக்ஸ்சர் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒரு பாகத்தில் துளை போடும்போது அது அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சாதனம், அவ்வளவுதான். சலூனில் குழந்தைக்கு முடி வெட்டும்போது அப்பா தலையைப் பிடித்துக்கொள்வார் இல்லையா, அந்த வேலை.

ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று எல்லோரிடமும் சொல்வோம். ஒன்று எப்போதும் ரிப்பேர் என்பதைச் சொல்லமாட்டோம். வேலை செய்கிற ஒன்று கண்ணாடி அறைக்குள் ஏ.சி.யில் இருந்தது. ஏ.சி. அதற்கு, நமக்கு அல்ல. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என் அம்மா ஒருநாள் டிபன் பாக்ஸ் கொடுக்க வந்தவள், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, "உள்ள சாமி படம் வச்சிருக்காங்களாடி?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

அந்த ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொண்டோம். காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை ஜெரால்ட், ஒன்றிலிருந்து ஏழு வரை நான். ஜெரால்ட் அனகாபுத்தூர்க்காரன், என்னைவிட இரண்டு வருடம் சீனியர், சைக்கிளில் வருவான். கோபம் வந்தால் என்னை மேடம் என்று கூப்பிடுவான். கோபம் தணிந்த பிறகும் மேடம் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டான். ஒரு மணிக்கு அவன் எழுந்து நான் உட்காரும்போது பத்து நிமிடம் பேசக் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் ஆறு மணி நேரம் செய்ததை எனக்குப் புரியவைக்கவேண்டும். காற்றில் கையாலேயே ஒரு பிளேட்டை வைப்பான், அதன்மேல் பின் என்கிற இரும்பு முளை ஒன்றைச் செருகுவான், எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பிக் காட்டுவான். நானும் காற்றிலேயே வாங்கிக்கொள்வேன். இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டு பஸ்ஸிலும் கையை ஆட்டிக்கொண்டே போவேன். ஒருமுறை எதிர்சீட்டு அம்மாள், பாவம் வாய் பேச வராத பெண் என்று நினைத்து எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் முடியாததற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். கம்ப்யூட்டரில் வரையும்போது படத்தைப் பல அடுக்குகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தமாதிரி. வெளிக்கோடு ஒரு அடுக்கு, அளவுகள் ஒரு அடுக்கு, நடுக்கோடு ஒரு அடுக்கு. எங்கள் படங்களில் மட்டும் கூடுதலாக ஒரு அடுக்கு இருந்தது. அதற்குப் பெயர் 'பேச்சு'. ஆங்கில எழுத்தில்தான் அடிக்கமுடியும். ஆனால் தமிழில் பேசிக்கொள்வோம். 'நீ போட்ட இந்த வட்டத்துக்கு சென்டரே காணோம்' என்று நான் எழுதிவைத்துவிட்டுப் போனால், மறுநாள் அதே வட்டத்தின் அடியில் 'மேடம் கண்ணாடி மாற்றவும்' என்று பதில் இருக்கும். 'இந்தத் தடிமன் போதுமா?' 'போதும். உன் தோசை தடிமன் இருக்கிறது.' இப்படி.

இதெல்லாம் பிரிண்டில் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருந்தது. கம்ப்யூட்டர் படத்தைப் பேனாவால் தாளில் வரையும் எங்கள் பிளாட்டர் மெஷினில் எட்டுப் பேனாக்கள் செருக எட்டுக் குழிகள். அடுக்குக்கு ஒரு பேனா. எட்டாவது குழி காலி. பேச்சு அடுக்குக்கு எட்டாம் எண்ணைக் கொடுத்துவைத்திருந்தோம். பிளாட்டர் வரைந்து முடித்ததும் கடைசியில் எட்டாவது குழிக்குப் போய், இல்லாத பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, தாள்மேல் காற்றில் சரசரவென்று எழுதிவிட்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய் வைக்கும். எங்கள் வம்பையெல்லாம் அந்த மெஷின் சத்தமாக வாசித்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருப்பதுபோல எனக்கு ஒரு சந்தோஷம்.

இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை நானும் அதையெல்லாம் செய்தவள்தான். நாலு ஊர்களில் இருக்கிற நாலு பேர் ஒரே கம்ப்யூட்டர் மாடலைத் திறந்துவைத்துக்கொண்டு, ஆளுக்கொரு அம்புக்குறியை ஆட்டிக்கொண்டு, ஓரத்தில் குறிப்பு ஒட்டிக்கொள்கிறார்கள். இந்த வசதி முதன்முதலில் வந்தபோது ஒரு இளைஞன் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தான். பின்வரிசையில் உட்கார்ந்து நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். தம்பி, இதைத் தாம்பரத்தில் நாங்கள் எப்போதோ செய்துவிட்டோம். காப்புரிமை வாங்கத்தான் தெரியவில்லை.

எழுதிவைப்பது சரி. ஆனால் எழுதுகிற வார்த்தை சரியாக இருக்கவேண்டுமே. அங்கேதான் துலுக்காணம் அண்ணன் வருகிறார். எங்கள் படத்தைப் பார்த்து இரும்பில் செய்கிறவர் அவர். பெருங்களத்தூரில் ரயில் பாதையை ஒட்டி அவருடைய ஷெட். படத்தில் ஏதாவது மாற்றவேண்டும் என்றால் பிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிடுவார். கண்ணாடி அறைக்குள் வந்து, எண்ணெய் விரலைத் திரையில் வைத்து, "இத்த பாரும்மா" என்பார். ஜெரால்டுக்கு உயிர் போய்விடும். திரையைத் துடைப்பதற்கென்றே அவன் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தான்.

அவர் ஒருநாள் ஒரு பின்னைக் காட்டி, "இந்தப் பின்ன ரெண்டு மில்லி மேல ஏத்தும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மில்லி என்றால் எங்கள் பேச்சில் மில்லிமீட்டர். ஏற்றினேன். நாலாம் நாள் அவர் படியேறி வரும்போதே சத்தம் கேட்டது.

"இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? பின்னு இங்க இருந்தா பார்ட்டு எங்க குந்தும்? பிளேட்டே பூட்ச்சு!"

"நீங்கதானேண்ணா மேல ஏத்தச் சொன்னீங்க? ரெண்டு மில்லி மேல ஏத்தியிருக்கேன், பாருங்க."

"மேலன்னா மேலதாம்மா! ஆகாசம் கீதே, அங்க!"

அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது பின்னின் உயரத்தை. நான் ஏற்றியது திரையில். திரையில் இருந்ததோ பிளேட்டை உச்சியிலிருந்து பார்க்கும் படம். அதில் மேலே நகர்த்தினால் பின் உயராது. பிளேட்டின் பின்விளிம்பை நோக்கி நகரும். அவருக்கு மேல் என்றால் ஆகாயம். எனக்கு மேல் என்றால் திரையின் உச்சி. இரண்டு பேரும் சுத்தமான தமிழில் பேசி, இரண்டு பேரும் சரியாகப் புரிந்துகொண்டு, ஒரு நல்ல இரும்புப் பிளேட்டைப் பாழாக்கியிருந்தோம்.

அன்று ஜெரால்டும் இருந்தான். எக்ஸ், ஒய், இசட் என்று சொல்லிப் பழகலாமே என்றான். துலுக்காணம் அண்ணன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எக்ஸு ஒய்யின்னா எனக்கு பேஜாரா கீதுப்பா. எந்தப் பக்கம்னு சொல்லு. வண்டி பீச்சுக்குப் போவுதா, செங்கல்பட்டுக்குப் போவுதான்னு கேட்டா, கைக்கொயந்த கூட கரீக்டா கை காட்டும்."

இந்த இடத்தில் ஒரு சரித்திரத் தகராறு உண்டு. யோசனை தன்னுடையது என்று ஜெரால்ட் இன்றுவரை சொல்கிறான். துலுக்காணம் அண்ணன் வாயிலிருந்து வந்தது என்பதை மறுக்கமுடியாது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தாளில் சதுரம் போட்டு நாலு பக்கமும் பெயர் எழுதி கம்ப்யூட்டரின் தலையில் ஒட்டியவள் நான்தான். எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி முடிச்சூரைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் மின்சார ரயில் போய் முடியும் பீச் ஸ்டேஷன், இடக்கைப் பக்கம் செங்கல்பட்டு, முதுகுப் பக்கம் சேலையூர். அதையே திரைக்கும் வைத்தேன். திரையின் வலது பீச், இடது செங்கல்பட்டு, உச்சி முடிச்சூர், அடி சேலையூர். மேலே, கீழே என்ற வார்த்தைகள் ஆகாயத்துக்கும் தரைக்கும் மட்டும். வேறு எதற்கும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது.

மறுவாரத்திலிருந்து எங்கள் பாஷையே மாறிவிட்டது. 'அந்த ஓட்டையை அரை மில்லி செங்கல்பட்டுப் பக்கம் தள்ளு.' 'முடிச்சூர் விளிம்பை மழுக்கிவிடு, கை கிழிக்கும்.' துலுக்காணம் அண்ணன் ஒருபடி மேலே போய், பிளேட்டை மேசையில் திருப்பி, அதன் பீச் பக்கம் நிஜமாகவே பீச்சைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அதற்குப் பிறகு பக்கம் மாறி ஒரு பிளேட்டும் வீணாகவில்லை. பெருமையாகச் சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை.

சபாபதி சாருக்கு இது எதுவும் தெரியாது. அவர் கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டார், பிரிண்டைத்தான் பார்ப்பார். பிரிண்டின் வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 'வரைந்தவர்' என்று ஒரு சின்ன இடம். நான் வரைந்த படங்களிலும் அங்கே ஜெரால்டின் இனிஷியல்தான் போகும். கஸ்டமருக்கு ஒரு பெயர் பழகியிருந்தால் போதும், அதுவும் ஒரு பெண் வரைந்தது என்று தெரிந்தால் இன்னும் இரண்டு தடவை சரிபார்ப்பார்கள் என்பது சாரின் கணக்கு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எனக்கு வயிறு எரியும். ஒவ்வொன்றும் நான் இழுத்த கோடு, அடியில் வேறொருவன் எழுத்து. ஜெரால்டுக்கும் இது சங்கடம்தான். பேச்சு அடுக்கில் ஒருதரம், 'உன் படத்துக்குப் பாராட்டு எனக்கு வந்தது. மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தான். அதை அழிக்காமல் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

அப்போதுதான் பூனாவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் கம்பெனி முழு ஃபிக்ஸ்சர் ஒன்றைக் கேட்டது. டிசைனும் எங்களுடையது, செய்து கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. அதுவரை எங்களுக்கு அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. சார் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த செட்ட நீயே பண்ணு. உன் இனிஷியலே போடு. அப்ரூவ் ஆச்சுன்னா இனிமே உன் படத்துல உன் இனிஷியல்தான். திருப்பி அனுப்பிட்டாங்கன்னா பழையபடிதான், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது" என்றார். அன்று வீட்டுக்கு வந்து கால் கழுவாமல்கூட ஒரு நோட்டில் என் இனிஷியலைப் பத்து விதமாக எழுதிப் பார்த்தேன். கையெழுத்துப் பழகும் நடிகை மாதிரி. சிரிக்காதீர்கள்.

ஏழு படங்கள். ஆறு வாரம். முடிகிற சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அடையாற்றுத் தண்ணீர் அனகாபுத்தூர் சந்துகளுக்குள் வந்துவிட்டது. ஜெரால்ட் மூன்று நாள் வரவில்லை. மூன்றாவது படத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு போல்ட்டை முடுக்க ஸ்பேனரைத் திருப்பினால் பக்கத்துக் கட்டையில் இடிக்குமோ என்று. வழக்கம்போலப் பேச்சு அடுக்கில் எழுதினேன்: 'ஜெரால்ட், இந்த ஓட்டை மூன்று மில்லி பீச் பக்கம் போகலாமா? இல்லாவிட்டால் ஸ்பேனர் இடிக்கும் என்று தோன்றுகிறது. முடிச்சூர் பக்கம் இடமில்லை. துலுக்காணம் அண்ணனைக் கேள்.' பதில் சொல்ல ஜெரால்ட் வரவில்லை. அன்றே கூரியரில் போகவேண்டும் என்று சார் நிற்கிறார். போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிளாட்டரை ஓட்டினேன்.

நடுவில் கறுப்புப் பேனா காய்ந்து அடைத்துக்கொண்டது. புதுப் பேனாக்கள் இரண்டைப் பிரித்து, ஒன்றை அதன் இடத்தில் போட்டேன். இன்னொன்று வெளியில் இருந்தால் உலர்ந்துவிடுமே என்று மூடியுள்ள ஒரு குழியில் செருகிவைத்தேன். காலியாக இருந்த குழி எது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்கவேண்டும். பிரிண்ட் ரூமிலாவது கவனித்திருக்கலாம். கண்ணில் கொட்டிய தண்ணீரில் ஏழு தாளையும் தடவித்தான் சுருட்டினேன். என் இனிஷியல் ஏழிலும் அழகாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபேக்ஸ் வந்தது. பூத்காரர் அதைப் படித்துவிட்டே மேலே எடுத்துவந்திருந்தார், முகத்தில் சிரிப்பு. சார் அதை வாங்கி ஒரு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். பூனாவின் டிசைன் தலைவர் குல்கர்னி ஆங்கிலத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். பீச் என்பது என்ன? முடிச்சூர் எந்தத் தர நிர்ணயப் புத்தகத்தில் வருகிறது? துலுக்காணம் அண்ணா என்பது என்ன வகைச் சோதனை? கடைசியில், வேறு வேலையாகச் சென்னைக்கு வருவதாகவும், புதன்கிழமை நேரில் விளக்கம் வேண்டும் என்றும் இருந்தது.

"என் ஆபீஸ்ல எனக்கே தெரியாம ரயில்வே லைன் ஓடுதா?" என்றார் சார். கத்தவில்லை. அது இன்னும் மோசம். கம்ப்யூட்டர் தலையில் ஒட்டியிருந்த என் சதுரத்தை முதல்முறையாக வந்து பார்த்தார், நாலு பெயரையும் விரல் வைத்துப் படித்துவிட்டுப் போனார். என் இனிஷியலின் ஆயுள் ஏழு தாள்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஜெரால்ட் ஒரு மணிக்கு எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னான். "மேடம், நான் எழுதினதுன்னு சொல்லிடறேன். ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர், யாருக்குத் தெரியப்போவுது? படம் உன்னோடது, கிறுக்கினது நான். உன் இனிஷியல் தப்பிச்சிரும்."

அதிலேயே 'ஜெரால்ட்' என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறேனே என்றேன். தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் பழக்கம் உண்டு என்று சொல்லிவிடுவானாம். சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஆசை வந்தது, அதை மறைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் குறிப்பு என்னுடையது இல்லை என்றால் அந்தச் சந்தேகமும் என்னுடையது இல்லை. படத்தில் நான் மிகவும் யோசித்த இடமே அதுதான். அதை விட்டுக்கொடுத்துவிட்டு, மூலையில் இரண்டு எழுத்தை மட்டும் காப்பாற்றி என்ன செய்வது?

புதன்கிழமை குல்கர்னி வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளை முழுக்கைச் சட்டை. செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே ஷூவைக் கழற்றினார். மூன்றாவது படத்தை மேசையில் விரித்து, வரைந்தவர் யார் என்று கேட்டார். சார் வாயைத் திறப்பதற்குள், ஜெரால்ட் எழுந்திருப்பதற்குள், நான் எழுந்துவிட்டேன். "நான்தான் வரைந்தேன் சார். இந்தக் குறிப்பும் நான் எழுதியதுதான்" என்று பாலிடெக்னிக் ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை என்று ஜெரால்ட் பிறகு சான்றிதழ் கொடுத்தான்.

"வேர் இஸ் பீச்?" என்றார் அவர்.

ஜன்னலைத் திறந்து காட்டினேன். கீழே ரயில் பாதை. இந்தப் பக்கம் போனால் பீச் ஸ்டேஷன், அந்தப் பக்கம் செங்கல்பட்டு, பாதைக்கு அப்பால் சேலையூர், நமக்குப் பின்னால் முடிச்சூர். குறிப்பை ஆங்கிலத்தில் படித்துக்காட்டி, மேல் என்ற வார்த்தையால் ஒரு பிளேட் போன கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலில் நின்று, ஒரு வண்டி வந்து போகும்வரை பார்த்தார். பிறகு திரும்பி, ஸ்பேனர் நிஜமாகவே இடிக்குமா என்று கேட்டார். தெரியாது, சந்தேகம்தான் என்றேன். அப்படியானால் இடிக்கிறதா என்று போய்ப் பார்ப்போம் என்றார்.

ஆட்டோவில் பெருங்களத்தூர் போனோம். துலுக்காணம் அண்ணனுக்கு விஷயம் முன்பே தெரியும். மரக்கட்டையில் அந்த மூலையை மட்டும் அளவாகச் செய்து, மேசையில் பீச்சைப் பார்க்க வைத்திருந்தார். குல்கர்னிக்குத் தமிழ் தெரியாது. அண்ணனுக்கு அரை டஜன் ஆங்கில வார்த்தை. குல்கர்னி தானே ஸ்பேனரை வாங்கி போல்ட்டில் மாட்டித் திருப்பினார். டக்கென்று கட்டையில் இடித்தது. மறுபடி திருப்பினார், மறுபடி டக். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மூன்று விரலைக் காட்டி, "த்ரீ மில்லி, பீச்சு சைடு, சார்" என்றார்.

குல்கர்னி ஒரு கணம் தலையைத் தூக்கி ரயில் பாதையைப் பார்த்தார். திசையைச் சரிபார்க்கிறார் என்று எனக்குப் புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. "முடிச்சூர் சைட்?" என்று கேட்டார், நாக்கு கொஞ்சம் இடறியது.

"நோ ப்ளேஸு சார்."

படத்தை அந்த எண்ணெய் மேசையிலேயே விரித்து, ஓட்டையின் பக்கத்தில் 3 என்று போட்டு வலப்பக்கம் ஒரு அம்பு வரைந்தார். அதன் தலையில் பீச் என்று ஆங்கிலத்தில் எழுதினார். கீழே ஒப்புதல் கையெழுத்து. மூலையில் இருந்த என் இனிஷியலை விரலால் தட்டி, "அடுத்த படத்திலிருந்து எக்ஸ், ஒய்யையும் சேர்த்துப் போடுங்கள்" என்றார். அடுத்த படம் என்று அவர் சொன்னதை நான் மட்டும் இல்லை, சாரும் கேட்டார். திரும்பும் வழியில் ஆட்டோ சத்தத்துக்கு நடுவே சார், "பேச்சு லேயரு இருந்துட்டுப் போகட்டும். அந்த எட்டாம் குழிய மட்டும் கண்ல வச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன பாராட்டு. இன்றுவரை வேறு எந்தப் பாராட்டையும் நான் அதற்குச் சமமாக வைத்ததில்லை.

ஃபிக்ஸ்சர் செய்து முடித்ததும் துலுக்காணம் அண்ணன் இரும்பில் எழுத்தை அடித்துப் பதிக்கும் பன்ச்சுகளை எடுத்து, அதன் வலது விளிம்பில் பீச் என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தையும் அடித்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. பார்சல் பூனாவுக்குப் போய்விட்டது. அந்த வருடத்திலிருந்து என் படங்களில் என் எழுத்து. நான் ஓய்வு பெறும் வரை, மூன்று கம்பெனிகளில், ஆயிரக்கணக்கான தாள்களில்.

அந்தத் தாள்கள் இப்போது இல்லை. நீலக் கோடு வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் ஜாதி. ஃப்ளாப்பிகளைப் படிக்க மெஷின் இல்லை. மேற்குத் தாம்பரத்து மாடியை இடித்து நகைக்கடை கட்டிவிட்டார்கள். ஷெட் இருந்த இடத்தில் நாலு மாடி ஃப்ளாட். சார் இல்லை. துலுக்காணம் அண்ணன் மகள் வீட்டோடு போய்விட்டார். மாடலில் இப்போது யார் எந்தக் கோட்டை எப்போது தொட்டார்கள் என்பதை மெஷினே எழுதிவைத்துக்கொள்கிறது. கட்டத்துக்காக யாரும் வயிறு எரியத் தேவையில்லை. நல்லதுதான். ஆனால் யாரும் யாரிடமும் "எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சண்டை போடுவதில்லை. அதை நான் இழப்பு என்றே நினைக்கிறேன்.

தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் ஒருநாள் ஜெரால்ட் போன் செய்தான். வேறு கம்பெனியில் சேர்ந்து, வேலை விஷயமாகப் பூனா போயிருந்தான். அந்த ஸ்கூட்டர் தொழிற்சாலையிலிருந்துதான் பேசினான். "மேடம், நம்ம ஃபிக்ஸ்சர் இன்னும் ஓடுது. நான் பக்கத்துல நிக்கறேன். இங்க ஒருத்தன் ஹிந்தியில கத்தறான், பீச் சைடு டைட் பண்ணுடான்னு. பீச்னா என்னன்னு கேட்டேன். இந்தப் பக்கத்துக்குப் பேரு, எப்பவுமே அப்படித்தான்னு சொல்றான். இவங்க ஊர்ல கடலே இல்ல மேடம்!"

இரண்டு எழுத்துக்காக அவ்வளவு தவித்தேன். போன இடத்தில் அந்த எழுத்துகளை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேர் சண்டை போட்டுக் கண்டுபிடித்த ஒரு வார்த்தையைத் தாம்பரத்தையே பார்த்திராத ஆட்கள் தங்கள் வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெரால்ட் ரிசீவரை மெஷின் பக்கம் நீட்டிப் பிடித்தான். போனில் அந்த மெஷினின் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அந்த ஸ்கூட்டரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஃபிக்ஸ்சர் காயலான் கடை இரும்போடு உலைக்குப் போயிருக்கும். இப்போது அந்தத் தொழிற்சாலைக்குப் போய் அந்த விளிம்பைக் காட்டி இது எந்தப் பக்கம் என்று கேட்டால், பீச் பக்கம் என்று சொல்ல ஆள் இருக்காது, வலப்பக்கம் என்றுதான் சொல்வார்கள்.